கூண்டில் ஏறிய சேர்க்கை அதிகாரி

அரசுத் தரப்பு வக்கீல் மாடிப்படியில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தான். மூன்றாம் ஆண்டு மாணவன். அரங்கம் நிறையப் பெற்றோரைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

குற்றவாளி அதைவிட மோசம். கழிவறை ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியே போய்விட்டான்.

"நிஜத் திருடன்கூட தீர்ப்பு வரைக்கும் இருப்பானேடா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் சட்டக் கல்லூரியின் சேர்க்கை அதிகாரி.

அன்று கல்லூரியில் அறிமுக நாள். பிள்ளையை இங்கே சேர்க்கலாமா என்று பார்க்க வந்தவர்களுக்கு ஒரு மாதிரி வழக்கை மேடையில் நடத்திக் காட்டலாம் என்பது அவருடைய யோசனை. யோசனை வராமல் என்ன செய்யும்? "பாதி இடம் காலியா கிடக்கு. அறிமுக நாளன்னிக்கு நிரம்பலைன்னா அடுத்து காலியாகப் போறது உங்க நாற்காலி" என்று முதல்வர் சொல்லியிருந்தார்.

வழக்கையும் அவரே எழுதியிருந்தார். முதல்வர் அறையில் ஒரு குடை திருடு போகிறது. குற்றம் நிரூபணமாகாமல், கூண்டில் நின்றவருக்கு விடுதலை. பெற்றோர் கண்கலங்கிக் கைதட்டிவிட்டு நேராகப் போய்க் கட்டணம் கட்டுகிறார்கள். திட்டம் இவ்வளவுதான்.

சரி, கூண்டில் நாமே நின்றுவிடுவோம் என்று முடிவு செய்தார். சும்மா நிற்கிற வேலைதானே.

அரசுத் தரப்புக்கு ஆள் பிடிக்க மேடைக்குப் பின்னால் ஓடினார். அங்கே கல்லூரிக் கையேடும் கையுமாக ஒரு பெண் நின்றிருந்தாள்.

"சார், உங்ககிட்ட நிறையக் கேள்வி கேக்கணும்."

"மேடையில கேளும்மா! அதுக்குத்தானே வந்திருக்க?"

"ஆமா சார். ஆனா இத்தனை பேர் முன்னாடியா?"

"இத்தனை பேர் முன்னாடிதான். தைரியமா கேளு. நான் யாரு என்னன்னு பாக்காதே."

கறுப்புக் கோட்டை அவள் தோளில் மாட்டி, வழக்குத் தாளையும் கையில் திணித்தார். எந்த வகுப்பு என்று கேட்கத் தோன்றவில்லை. கட்டணம் கட்டி முடித்த பிள்ளைகளின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும் வழக்கம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை.

நீதிபதி நாற்காலியில் முதல்வர் அமர்ந்தார். எதிர்த்தரப்பு வக்கீலாக வந்தவனுக்குக் கல்லூரியில் 'வாய்தா' என்று பெயர். எதையும் நாளைக்குத் தள்ளிப்போடுவான். வகுப்புக்குப் போவதையும் அப்படியே தள்ளிப்போட்டு வந்தான்.

அந்தப் பெண் கையேட்டைப் பிரித்தாள்.

"சார், இதை எழுதினது நீங்கதானே?"

குடையை எதிர்பார்த்திருந்தவர் திகைத்தார். போகட்டும், இலவச விளம்பரம்தானே என்று நெஞ்சை நிமிர்த்தினார். "ஒவ்வொரு வார்த்தையும் நான்தான்."

"விடுதிக் கட்டணத்துல 'இயற்கைக் காற்று வசதி'ன்னு தனியா போட்டிருக்கே, அது என்ன?"

"அது வந்து... ஜன்னல்."

அரங்கில் சலசலப்பு எழுந்தது. வாய்தா துள்ளி எழுந்தான்.

"ஆட்சேபணை, யுவர் ஆனர்! ஜன்னலுக்கும் குடைக்கும் என்ன சம்பந்தம்?"

"இவர் பேச்சை நம்பலாமான்னு தெரியணும் இல்லையா, ஐயா?" என்றாள்.

முன்வரிசை அப்பாக்கள் ஒன்றாகத் தலையாட்டினார்கள். அவ்வளவு அப்பாக்கள் தலையாட்டும்போது முதல்வர் எப்படி மறுப்பார்? "கேளும்மா" என்றார், வேண்டாவெறுப்பாக.

"விண்வெளிச் சட்டத்துக்குத் தனித்துறை இருக்கா?"

"இருக்கு."

"எங்க?"

"மொட்டை மாடியில."

"யாரு பாடம் நடத்துறாங்க?"

"ஆள் இன்னும் போடலை. ஆனா அங்கேருந்து வானம் பளிச்சுன்னு தெரியும்."

வாய்தா மறுபடி எழுந்தான். "யுவர் ஆனர், என் கட்சிக்காரர் கெட்ட எண்ணத்துல பொய் சொல்றவர் இல்லை. பழக்கதோஷத்துல சொல்றவர்."

"உக்காருடா!" என்று கூண்டிலிருந்து சீறினார் கட்சிக்காரர்.

அந்தப் பெண் பக்கத்தைத் திருப்பினாள். "'எங்களிடம் படித்தவர்கள் நீதிமன்றங்களில் கொடி கட்டிப் பறக்கிறார்கள்'னு இருக்கு. போன வருஷம் முதல் இடம் வந்தவர் எங்க இருக்கார்?"

"நீதிமன்றத்துலதான்."

"நீதிமன்றத்துல எங்க சார்?"

"வாசல்ல. ஜெராக்ஸ் கடை."

"ரெண்டாவது வந்தவர்?"

"அதே கடை. அவர் எடுப்பார், இவர் பின் அடிப்பார்."

அவர் மனதுக்குள் கையேட்டின் பக்கங்களை எண்ணினார். இன்னும் நாலு பக்கம் போனால் நூலகம் வரும். அங்கே இருப்பது ஒரே புத்தகத்தின் ஆயிரம் பிரதிகள். பேச்சை மாற்றியாக வேண்டும்.

"அம்மா, தாயே, குடையைப் பத்திக் கேளேன்!" என்று கூண்டிலிருந்தே கும்பிட்டார்.

அவள் வழக்குத் தாளை எடுத்துப் படித்துப் பார்த்தாள். "குடை ஊதா நிறம், பிடி கிளிமூக்கு, ஒரு கம்பி மட்டும் உள்பக்கமா வளைஞ்சிருக்கும்... கற்பனைக் குடையை எப்படி சார் இவ்வளவு நுணுக்கமா எழுதினீங்க?"

முதன்முறையாக ஒரு பாராட்டு. அவர் உச்சி குளிர்ந்துபோனார்.

"எதிர்ல வெச்சுக்கிட்டு எழுதினேம்மா."

நீதிபதி மெதுவாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யோவ்! அது என் குடை!"

"திடீர்னு மழை புடிச்சுக்கிச்சு சார்..."

"குற்றவாளி!" என்று மேசையில் ஓங்கிக் குத்தினார் முதல்வர். அதில் நடிப்பு துளியும் இல்லை.

சேர்க்கை அதிகாரி கூண்டிலிருந்து இறங்கினார். வேலை போயிற்று. இந்த வயதுக்கு மேல் வேறு எந்தக் கல்லூரி சேர்க்கும்? மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வது? மேசையைக் காலி செய்யலாம் என்று சேர்க்கை அலுவலகத்துக்கு நடந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே நுழைய முடியாத கூட்டம்.

"சார், என் பையனுக்கு ஒரு இடம்! வீட்டுல மண்ணு மாதிரி உக்காந்திருப்பான். அந்தப் பொண்ணு மாதிரி ஆக்கிக் குடுங்க, போதும்!"

"ஒரு சேர்க்கை அதிகாரி வாயிலேருந்தே உண்மையை வரவழைச்சுட்டாளே! இதைவிட வேற என்னங்க பயிற்சி வேணும்? ஜன்னலுக்கும் சேர்த்தே பில் போடுங்க!"

இடம் அத்தனையும் நிரம்பியது. விண்வெளிச் சட்டத்துக்கே அடிதடி. முதல்வர் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தலைகால் புரியாத சந்தோஷத்தில் சேர்க்கை அதிகாரி அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து மறுபடி மேடையேற்றினார். பெற்றோர் அனைவரும் ரசீதும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாருங்க, நம்ம கல்லூரி செதுக்கின சிற்பம்! எந்தப் பேராசிரியர்கிட்டம்மா இப்படிக் கேள்வி கேக்கக் கத்துக்கிட்ட? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு!" என்று மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

அவள் கோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"நான் இன்னும் எந்தக் கல்லூரியிலயும் சேரலை சார், இங்க சேரலாமான்னு விசாரிச்சுட்டுப் போகத்தான் வந்தேன்."