குறட்டைக்கு ஒரு பயணப்படி

இந்த டிசம்பரில் ஹாக்கி கிடையாது என்று ஹாலியா நவம்பரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சமையலறைக் கூரை ஒழுகுகிறது. கனடாவில் அவர்கள் ஊரான டாஃபினிலிருந்து, ஆட்டம் நடக்கும் வினிபெக் போய்வர டிரக்குக்குப் பெட்ரோல், ஒரு ராத்திரி ஓட்டல், வெளிச் சாப்பாடு. அந்தக் காசில் கூரையையே மாற்றலாம் என்பது அவள் கட்சி. ஒரு ஓட்டையை வேண்டுமானால் அடைக்கலாம் என்பது அவள் புருஷன் மைரனின் கட்சி. அதை அவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவனுடைய சிறந்த வாதங்கள் எல்லாம் அங்கேதான் அரங்கேறியிருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், டிக்கெட் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. மாண்ட்ரியல் அணி வருகிறது. பனித்தரையிலிருந்து நாலாவது வரிசை. அவனுக்கு ஒன்று, வினிபெக்கில் இருக்கும் ஹாலியாவின் தம்பி ஓரெஸ்டுக்கு ஒன்று. இரண்டையும் ஓரெஸ்டிடமே கொடுத்து வைத்திருந்தான்.

"அக்காகிட்ட மூச்சு விட்டுடாதே மச்சான்."

"என்ன மாமா, என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

தெரியும் என்றுதான் மைரன் நினைத்திருந்தான்.

மைரன் வேலை பார்க்கும் தானியக் கிடங்கில் ஆளுக்கொரு மருத்துவச் செலவுக் கணக்கு உண்டு. ரசீதைக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். வருஷம் முடிந்தால் மிச்சம் ஆவியாகிவிடும். மைரன் வருஷம் முழுக்க ஆரோக்கியமாக இருந்து தொலைத்துவிட்டான். பணம் அப்படியே கிடந்தது. அலுவலகத்தில் கணக்கைப் பார்க்கும் கிளெண்டாவின் மேஜைக்கு முன்னால் போய், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

"முதுகு வலி தாங்கலை கிளெண்டா. கொல்லைப்பக்கம் ஒரு வெந்நீர்த் தொட்டி வெச்சா?"

"வராது."

"டாக்டர் எழுதிக் கொடுத்தா?"

"டாக்டர் உங்களோட அதுல இறங்கிக் குளிச்சாலும் வராது. சட்டத்துல பேர் சொல்லியே தள்ளிட்டாங்க."

"ஜிம்?"

"வராது. உங்களுக்கு அது எப்பவுமே வராது."

"விட்டமின் மாத்திரை?"

"மைரன், கண்ணாடி வரும். பல்லு வரும். காதுக் கருவி வரும். உள்ளூர்ல இல்லாத வைத்தியத்துக்கு எண்பது கிலோமீட்டர் தாண்டிப் போனா பெட்ரோல், ஓட்டல், சாப்பாடு எல்லாம் வரும். இதுல எது உங்க முதுகுக்கு ஒத்து வரும்?"

முதுகு வலி அந்த நொடியே போய்விட்டது. வினிபெக் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல்.

இனி ஒரு வியாதி வேண்டும். ஊசி, கத்தி, துளைக்கும் மெஷின் எதுவும் இல்லாத வியாதியாக இருந்தால் நல்லது. அப்போதுதான் குறட்டை ஞாபகம் வந்தது. அவன் குறட்டையில் ஜன்னல் ஆடுகிறது என்று ஹாலியா புலம்பி, ஏப்ரலிலேயே டாக்டர் அவனை வினிபெக்கில் ஒரு தூக்க மருத்துவமனைக்குப் போகச் சொல்லி எழுதியிருந்தார். தூங்குவதைப் பார்க்க ஒரு டாக்டரா என்று மைரன் அதைத் தட்டிக் கழித்து வந்தான். இப்போது அவனே போன் போட்டான். டிசம்பர் பதினெட்டு, வியாழக்கிழமைதான் வேண்டும் என்றான். யாரோ வரவில்லையாம். இடம் கிடைத்தது. மீதி விவரத்தை வீட்டு நம்பருக்குச் சொல்கிறோம் என்றார்கள். எத்தனை மணிக்கு என்று அவன் கேட்கவில்லை. டாக்டர் பகலில் பார்ப்பார். ஹாக்கி ராத்திரியில். இதில் கேட்க என்ன இருக்கிறது?

அன்று சாயங்காலம் முட்டைக்கோஸ் சுருளைத் தட்டிலேயே உருட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டான்.

"நீ சொன்னது சரிதான் ஹாலியா. இந்தக் குறட்டையை விட்டு வெச்சா ஆபத்து."

"இப்பவாவது தெரிஞ்சுதே. என்னைக்குப் போறீங்க?"

"பதினெட்டாம் தேதின்னு அவங்களே சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ண?"

"பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க. நான் வண்டி ஓட்டறேன்."

"நீ எதுக்கு இந்தக் குளிர்ல?"

"மத்தியானமே அவங்க போன் பண்ணினாங்க. தூக்க வியாதி இருந்தா தனியா ஓட்டக்கூடாதாமே. உடனே டாக்டர்கிட்டப் போய் கையெழுத்து வாங்கிட்டேன். அப்படி வாங்கினா துணைக்கு வர்றவங்க செலவும் கணக்குல வருமாம். கிளெண்டாகிட்டக் கேட்டேன்."

ஹாலியா இவ்வளவு சுலபமாக எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. மைரன் அதைத் தன் நடிப்புக்குக் கிடைத்த பரிசாக எடுத்துக்கொண்டான். அவளை ஓட்டலில் விட்டுவிட்டு, ஓரெஸ்டோடு ஒரு பீர் சாப்பிட்டு வருகிறேன் என்று நழுவினால் தீர்ந்தது.

வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஹாலியா வண்டியை எடுத்தாள். பனி பெய்துகொண்டிருந்தது. அவள் தானிய லாரிகளுக்குப் பின்னால் நிதானமாக ஊர்ந்தாள்.

"டாக்டர் கிளம்பிப் போயிடப் போறார், கொஞ்சம் மிதியேன்."

"அவர் எங்கேயும் போக மாட்டார்."

மருத்துவமனையில் நுழையும்போது மணி ஆறே முக்கால். ஆட்டம் ஏழரைக்கு. ஒரு சின்னப் பெண் கையில் ஒரு கத்தை ஒயரோடு வந்து, ஓர் அறையைத் திறந்துவிட்டாள். உள்ளே கட்டில், தலையணை, போர்வை.

"இதெல்லாம் வேண்டாம்மா. நான் உட்கார்ந்தே சொல்றேன். பத்து நிமிஷம் போதும்."

"தலையில ஒயர் ஒட்டவே முக்கால் மணி நேரம் ஆகும் சார். காலைல ஆறு மணிக்கு விட்டுடுவோம்."

"காலைலயா? ராத்திரி பூரா இங்கேயா?"

"தூங்கறதை வேற எப்ப சார் பார்க்கறது?"

மைரன் ஹாலியாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் பையிலிருந்து அவனுடைய பைஜாமாவை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். இஸ்திரி போட்டிருந்தது. அப்புறம் அதே பையிலிருந்து வினிபெக் அணியின் நீலநிற மஃப்ளரை எடுத்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

"நல்லாத் தூங்குங்க. ஓரெஸ்ட் கீழே வண்டியோட நிக்கறான்."

"அவன்... அவன் எப்ப சொன்னான்?"

"நீங்க டிக்கெட் வாங்கின அன்னைக்கே. நாலாவது வரிசையாமே. நிஜமாவே நல்ல இடம்தாங்க."

காலையில் அவள் வந்தபோது குரல் சுத்தமாகக் கம்மிப்போயிருந்தது. கத்தினால்தான் அப்படிக் கம்மும். மைரன் தலையெல்லாம் பசையோடு, கண்கள் சிவந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"யார் ஜெயிச்சா?" என்றான்.

அவள் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் காகிதத்தோடு வந்தாள். "சார் ராத்திரி பூரா ஒரு பொட்டுக்கூடத் தூங்கலை மேடம். படுத்துக்கிட்டு எதையோ முணுமுணுத்துக்கிட்டே இருந்தார். இந்தப் பரிசோதனை செல்லாது. இன்னொரு தடவை வரணும்."

"இப்ப நான் உள்ளே வரும்போதே வாசல் மேஜையில அதைச் சொல்லிட்டாங்க. தேதியும் வாங்கிட்டேன்" என்றாள் ஹாலியா. "ஜனவரியில. புது வருஷத்துக் கணக்குல பணமும் புதுசா வந்திடும்."

மைரன் கட்டிலை விட்டு எழுந்தான். "ஜனவரியில என்னைக்கு?"

"டொராண்டோ அணி இங்கே ஆட வர்ற அன்னைக்கு. இந்தத் தடவை ஓரெஸ்ட் ரெண்டாவது வரிசை பிடிச்சுத் தரேன்னிருக்கான்."