ஒரு கிரவுண்டும் இரண்டு கோல் போஸ்ட்டும்

எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுகிற ஆள். அப்படிப்பட்டவன் பேனாவை எடுத்ததற்குப் படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். என் தங்கை வீட்டுக்காரர் இந்தச் சம்பவத்தைக் கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் சொல்கிறார். சொல்லும்போதெல்லாம் நான் ஒரு விசிலைத் திருடியதாகச் சேர்த்துக்கொள்கிறார். நான் திருடவில்லை. திருப்பிக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. நைனா செஞ்சி கடைத்தெருவில் கயிறு வியாபாரம் செய்தார். நாங்கள் இருந்தது வாடகை வீடு. வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் உள்ளே வருவார், கொல்லைக்குப் போவார், முருங்கைக்காய் பறித்துக்கொள்வார், போகும்போது சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். சுவரில் ஒரு காலண்டர் மாட்ட நைனா அவரிடம் அனுமதி கேட்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் தங்கை சரோஜாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நைனாவிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது.

"பையன் கறுப்போ செவப்போ, சொந்தமா எடம் இருக்கணும். எம் பொண்ணு ஆணி அடிக்கறதுக்கு இன்னொருத்தன் மூஞ்சியப் பாக்கக் கூடாது."

இந்த நிபந்தனையில் ஏழெட்டு வரன் தட்டிப்போயிற்று. சரோஜாவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அம்மா கவலையில் இளைத்தாள். அந்த நேரத்தில்தான் திண்டிவனத்திலிருந்து கல்யாணத் தரகர் வந்தார்.

"பையன் பேரு முருகேசன். கிண்டியில ஒரு கம்பெனில ஃபிட்டரு. மெட்ராஸ்ல ஒரு கிரவுண்டு இருக்குது."

"இன்னா இருக்குது?" என்றார் நைனா.

"கிரவுண்டு. பரங்கிமலைக்கு அந்தாண்ட. பட்டா பையன் பேர்லயே இருக்குது."

"முழுசா ஒண்ணா?"

"முழுசா ஒண்ணு."

நைனா என் பக்கம் திரும்பினார். வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "கிரவுண்டுன்னா இன்னாடா?"

எங்கள் ஊரில் நிலத்தைக் காணியாகச் சொல்வார்கள், சென்ட்டாகச் சொல்வார்கள். கிரவுண்டு என்றால் மலை அடிவாரத்தில் எங்கள் பள்ளிக்கூடம் பந்து விளையாடுகிற பெரிய பொட்டல். கூடாரம் அடித்து சர்க்கஸ் நடத்தினாலும் பக்கத்தில் மாட்டுச்சந்தைக்கு இடம் இருக்கும். எனக்குத் தெரிந்த கிரவுண்டு அது ஒன்றுதான். அதையே சொன்னேன். (சந்தேகமே இல்லாமல் சொன்னேன். சந்தேகம் வருவதற்கும் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.)

அம்மா உடனே நிலக்கடலைக் கணக்குப் போட்டாள்: "மல்லாட்ட போட்டா எத்தினி மூட்ட வரும்?"

அது நம்பக்கூடிய காலம். மெட்ராஸ் வளர்ந்துகொண்டே இருந்தது. அங்கே ஏரியைத் தூர்த்துக் கல் நடுகிறார்கள், வயலைப் பிரித்து விற்கிறார்கள், போன மாதம் சொன்ன விலை இந்த மாதம் கிடையாது என்று பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கண் ஆஸ்பத்திரிக்குப் போன எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கூட, ஒரு கண்ணில் கட்டோடு, நாலு மனை பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஃபிட்டருக்கு விளையாட்டு மைதானமே சொந்தமாக இருப்பது எங்களுக்கு அதிர்ஷ்டமாகப் பட்டதே தவிர, ஆச்சரியமாகப் படவில்லை.

சரோஜா மட்டும் கேட்டாள்: "அண்ணா, அதுல வூடு எங்க கட்டுவாங்க? நட்ட நடுவுலயா?"

"ஓரமா கட்டுவாங்க," என்றேன்.

எதற்கும் ஒருதரம் பார்த்துவிட்டு வரச்சொல்லி நைனா என்னை அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் விசாரிப்பதுதான் முறை. அதனால் நேராகப் போய் அவர்களைக் கேட்க முடியாது. பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கி வெகுதூரம் சும்மா நடந்தேன். யாரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை. கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் அவராகவே "இன்னாபா, யாரத் தேடற?" என்றார்.

"கிரவுண்டு எங்க இருக்குதுங்க?"

"நேராப் போய் சோத்தாங்கைப் பக்கம் திரும்பு," என்றார்.

திரும்பினேன். இருந்தது. எங்கள் ஊர் கிரவுண்டைவிடப் பெரிது. இரண்டு பக்கமும் கோல் போஸ்ட், ஓரத்தில் வரிசையாகப் புங்க மரம். பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கால்சட்டை போட்ட டிரில் மாஸ்டர் ஒருவர் மர நிழலில் நின்றார். நான் பக்கத்தில் போய் நின்று, மெதுவாக, முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"இது முருகேசன் கிரவுண்டுங்களா?"

அவர் சிரித்தார். "அப்படியே வச்சிக்கலாம் சார். முருகேசன் இல்லன்னா இந்த கிரவுண்டே இல்ல. தண்ணி தெளிக்கறது, கோடு போடறது எல்லாம் அவன்தான். இப்பதான் சாப்பிடப் போனான். அவனத் தெரியுமா உங்களுக்கு?"

"சொந்தம் ஆகப்போறோம்," என்றேன். எனக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது.

"அப்ப நம்ம ஆளு. சித்த இதப் புடிங்க, ஒரு டீ சாப்டு வந்துடறேன்," என்று விசிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் நின்றேன். தங்கையின் சொத்து கண்ணுக்கு எட்டிய தூரம் கிடந்தது. ஒரு பையன் குதிகாலால் தரையைக் குடைந்தான். "தம்பி, தோண்டாத, நாளைக்கு நமக்குத்தான் கஷ்டம்," என்றேன். அவன் ஒன்றும் புரியாமல் பார்த்தான். அதற்குள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்க, எல்லோரும் ஓடிவிட்டார்கள். டீக்குப் போனவரைக் காணோம். விசிலைக் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குள் போனால் நாலு பேர் "நீ யாரு?" என்று கேட்பார்கள். அதை நினைத்ததுமே கால் தானாக ஸ்டேஷன் பக்கம் நடந்தது. விசில் சட்டைப்பையில் வந்தது. (திருட்டு இல்லை என்று இப்போது புரிந்திருக்கும்.)

ஊருக்கு வந்து நான் சொன்னதைக் கேட்டு நைனா கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். மாட்டுக்கயிறு வாங்க வந்தவர்கள்கூட சம்பந்தியின் மைதானத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்துச் சொன்னார். அன்று அவர் முருங்கைக்காய் பறிக்காமல் போனார்.

நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே வந்துவிட்டார்கள். கூடம் நிறைய ஜனம். முருகேசன் என்னைப்போலவே தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்த நைனா, சந்தோஷம் தாங்காமல், "எம் புள்ள நேர்ல போய் கிரவுண்டப் பாத்துட்டு வந்தான். சொல்றா," என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "ரெண்டு பக்கமும் கோல் போஸ்ட் இருக்குது," என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்தார். "இன்னா இருக்குது?"

"கோல் போஸ்ட்டுங்க. பசங்க பந்து ஆடறாங்க."

"எங்க எடத்துலயா?"

"ஆமாங்க. முருகேசன்தான் தண்ணி தெளிச்சு கோடு போடறாருன்னு அங்க இருக்கறவரு சொன்னாரு."

மாப்பிள்ளை முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். "நான் கோடு போடலியே."

அவருடைய அப்பா எழுந்து நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. "போச்சு. எவனோ வளைச்சுட்டான். சுத்தியிருக்கிற மனையெல்லாம் சேத்து வளைச்சுட்டான். அதே பேர்ல ஒருத்தன செட்டப் பண்ணி போலிப் பத்திரமே எழுதிட்டிருப்பான். மெட்ராஸ்ல இப்ப இதான் நடக்குது. டேய், எந்திரிடா."

"சம்பந்தி, தட்டு," என்றார் நைனா.

"எடமே இல்லன்னா எதுக்குங்க தட்டு? எடத்தச் சொல்லித்தான பொண்ணு கேட்டோம்?"

தட்டு கைமாறவில்லை. உள்ளே சரோஜா நிச்சயத்துக்குக் கட்டிய புடவையோடு நின்றாள். சாட்சி சொல்ல வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு அவர்கள் பஸ் ஏற, நைனாவும் பின்னாலேயே ஏறினார். திண்டிவனத்தில் பஸ் மாறும்போது நைனா என்னிடம், "எவனாவது வளைச்சிருந்தா, நீ பாத்தன்னைக்கே கேட்டிருக்கலாமேடா," என்றார். நான் அந்த மைதானத்துக்கு அரைமணி நேரம் காவல் இருந்ததைச் சொல்லவில்லை.

சாட்சி என்ற முறையில் நான்தான் வழி காட்டினேன். பொழுது சாய்கிற நேரம். கோல் போஸ்ட்டைப் பார்த்ததும் மாப்பிள்ளை நின்றார்.

"இது ஸ்கூல் கிரவுண்டுங்க," என்றார்.

அதற்குள் டிரில் மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டார். "வாங்க சார். எங்க என் விசிலு? டேய் முருகேசா, உங்க சொந்தக்காரரு வந்திருக்காரு பாரு." (விசில் செஞ்சியில், வேறு சட்டைப்பையில் இருந்தது.) கையில் சுண்ணாம்பு வாளியோடு, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்து, "இந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்ல," என்றார்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உயிர் வந்தது. எனக்குப் போயிற்று.

பிறகு மாப்பிள்ளை முன்னால் நடந்தார். மைதானத்தைத் தாண்டி, ஏரிக்கரையைத் தாண்டி, ஒரு முள்காடு. அங்கங்கே வெள்ளையடித்த கற்கள். ஒரு இடத்தில் நின்று, "இதான்," என்றார். மூலைக்கு ஒரு கல். அதில் ஒன்றில் யாரோ எருமையைக் கட்டியிருந்தார்கள்.

நைனா இந்தக் கல்லையும் அந்தக் கல்லையும் பார்த்தார். "மீதி?"

"மீதி இல்லீங்க. இதான் ஒரு கிரவுண்டு."

"சென்ட்டுல சொல்லு."

"அஞ்சரை இருக்கும்."

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குப் படிப்பு போதாது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாங்க ஒண்ணும் ஏமாத்தலீங்க. கிரவுண்டுன்னுதான சொன்னோம். உங்க புள்ள பந்தாடற எடத்தப் பாத்துட்டு வந்தா நாங்க இன்னா பண்றது? புடிக்கலன்னா சொல்லிடுங்க."

எனக்கு வீட்டில் புடவை கட்டி நின்ற சரோஜாதான் நினைவுக்கு வந்தாள். என்னால் இந்த வரனும் போகப்போகிறது என்று நினைத்தேன். வாயைத் திறந்து ஏதாவது சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்ததால்தான் எல்லோரும் இங்கே நிற்கிறோம்.

மாப்பிள்ளைதான் அசைந்தார். ஒரு குச்சியை எடுத்து, எருமையை ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் கோடு கிழிக்க ஆரம்பித்தார். யாரையும் பார்க்காமல், தரையிடம் பேசுகிற மாதிரி சொன்னார்.

"இது கூடம். இது சமையலறை, கெழக்க பாத்த ஜன்னல். பின்னால கெணறு. வாசப்படி இங்க வருது."

நைனா அந்தக் கோட்டின் அருகே வந்தார். பிறகு செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, முள்ளைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, உள்ளே போனார்.

"சம்பந்தி, இன்னும் வூடே கட்டலியே, செருப்பப் போட்டுக்குங்க," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"இருக்கட்டும்," என்றார் நைனா. "ஆணி எந்தச் சொவத்துல வேணா அடிக்கலாமில்ல?"

"உங்க பொண்ணு இஷ்டம்," என்றார் மாப்பிள்ளை.

அந்த வீடு இன்றும் இருக்கிறது. முள்காட்டைக் காணோம், ஏரியையும் காணோம். சுற்றிலும் மாடி வீடுகள். வாரத்துக்கு ஒரு நிலத் தரகராவது வந்து, விற்கிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்கிறார். என்ன விலை சொல்லலாம் என்று எதிர்பார்த்து நிற்கிறவரிடம் சரோஜா, "கோல் போஸ்ட்டோட சேத்தா, தனியாவா?" என்று கேட்டு அனுப்பிவிடுகிறாள். அவள் பிள்ளைகளுக்கு எனக்குப் பெயர் இருப்பதே தெரியாது. நான் கிரவுண்டு மாமா.

முள்காட்டில் கோடு கிழித்த மறுநாள் எல்லோரும் செஞ்சிக்குத் திரும்பி, தட்டு மாற்றிக்கொண்டார்கள். முந்தின நாள் வாங்கிய வாழைப்பழம் கறுத்துப்போயிருந்ததால், வேறு வாங்கிவர என்னைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள். என்னை நம்பாமல், கூடவே கல்யாணத் தரகரையும் அனுப்பினார்கள்.