தலைமாட்டில் ஓர் எலும்பு

பகல் தூக்கம் கலைந்து எழுந்து வந்தபோது, மேசைமேல் வைத்திருந்த மூவாயிரம் ஆண்டுப் பழைய மான் எலும்பைக் காணவில்லை.

அகழாய்வுக் குழியில் வாரம் முழுவதும் வெயிலில் வாடிய களைப்பில், ஆய்வாளர் பிணம்போல் தூங்கியிருந்தார். அந்த எலும்பு ஒரு நாயின் புதைகுழியில் கிடைத்தது. நாயைச் சுருட்டிப் படுக்கவைத்து, தலைமாட்டில் எலும்பை வைத்து, மேலே ஒரு பிடி மண் தூவியிருந்தார்கள். ‘பிரிய மனமில்லாதவர்கள் செய்த மரியாதை’ என்று அவர் எழுதிய கட்டுரையை, மாமனார் வேறு வழியின்றிப் பலமுறை கேட்டிருந்தார். படம் வரைவதற்காக விதியை மீறி வீட்டுக்கு எடுத்துவந்த எலும்பு. தொலைந்தால் வேலை போய்விடும்.

"வேற யாரு? உங்க செல்லப்பிள்ளைதான்," என்றாள் மனைவி.

வாசற்படியில் துரை வாலை ஆட்டினான். மூக்கெல்லாம் மண்.

இதைவிடச் சான்று வேண்டுமா? ஆய்வாளர் தோட்டத்தைக் கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரித்தார். முதல் சதுரத்தில் மனைவியின் ரோஜாச் செடிகள் வேரோடு வந்தன.

"அந்தக் குழி அப்படியே இருக்கட்டும். உங்களை நடுறேன்!"

அடுத்த சதுரத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. அதற்கடுத்த சதுரம் குளமாகிவிட்டதால் ஆய்வுக்கு இடம் தரவில்லை.

இறைச்சிக்கடையிலிருந்து புதிய எலும்பு ஒன்று வாங்கிவந்து நீட்டினார். துரை அதை ஒளித்துவைக்க ஓடுவான், பின்தொடர்ந்தால் பழையதும் அகப்படும் என்பது அவரது கருதுகோள். துரை அங்கேயே உட்கார்ந்து, துளி மிச்சமின்றித் தின்றுமுடித்தான்.

ஆய்வாளர் அவன் வாயைப் பிளந்து பார்த்தார். "அப்ப அதையும் இப்படித்தானா?"

கைப்பேசி அடித்தது. அகழாய்வு இயக்குநர்.

"எலும்பு பெட்டியில இல்லையே, உங்ககிட்ட இருக்கா? இந்தப் பக்கம்தான் வந்துட்டிருக்கேன். நானே வாங்கிக்கிறேன்."

ஆய்வாளர் சேற்றில் அப்படியே உட்கார்ந்தார். "உனக்கு நான் என்னடா குறை வெச்சேன்?"

துரை அவர் கன்னத்தை நக்கினான்.

கொஞ்சம் சாயலாம் என்று உள்ளே போன மாமனாரின் தலை, படுக்கையறைச் சன்னலில் தெரிந்தது. ஒரு கையில் ஆய்வாளரின் தலையணை. மறு கையில் மான் எலும்பு.

"மாப்பிள்ளை, இது உங்க தலைமாட்டுலதான் இருந்துச்சு, மேல ஒரு பிடி மண்ணோட. பாவம், அவன் திருடலை. எவ்வளவு குரைச்சும் நீங்க எழுந்திருக்கலைன்னு, முறைப்படி அடக்கம் பண்ணியிருக்கான்!"