நாற்பத்திரண்டு முட்டைகளும் மின்சிக்கனமும்

முதலில் கேட்டது 'ர்ர்ர்' என்ற சத்தம்தான். மின்மீட்டர். அது விடாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு காட்டில் மரகதம் என்ற கோழி, குண்டு பல்புகளின் சூட்டில் முட்டை பொரிக்கும் நிலையம் வைத்திருந்தது. அக்கம்பக்கத்துப் பறவைகள் நம்பித் தந்த நாற்பத்திரண்டு முட்டைகள் உள்ளே இருந்தன. குஞ்சு வர இன்னும் பத்து நாள்.

மீட்டர் வேகமாக ஓடுவதாகப் புலி அலுவலகம் நோட்டீஸ் அனுப்பியது. மின்சிக்கனக் கம்பெனி எதையாவது கூப்பிடாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்களாம். கூப்பிடும் முன்பே மூன்று வந்துவிட்டன.

கொக்கின் கம்பெனி குறையை மட்டும் சொல்லும். குரங்கின் கம்பெனி சாமானை மட்டும் மாற்றும். நரியின் கம்பெனி மின்சார மிச்சத்துக்கு உத்தரவாதம் தரும்.

கொக்கு ஒற்றைக் காலில் நின்று பல்பை அண்ணாந்து பார்த்தது. "இது தர்றதுல முக்கால்வாசி சூடும்மா. எல்லாம் வேஸ்ட்."

"அந்தச் சூட்டுக்குத்தாங்க பல்பே."

"படிவத்துல வெளிச்சத்துக்கு மட்டும்தான் கட்டம் இருக்கு."

குரங்கு பழைய பல்புகளைக் கழற்றி எல்.இ.டி. மாட்டியது. நரி தன் கையாலேயே ஒப்பந்தம் எழுதியது: மிச்சம் எண்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மூன்று கம்பெனிகளின் லைசென்சும் ரத்து. மூன்றும் கையெழுத்துப் போட்டன.

மீட்டர் அடங்கியது. அறை கல்யாண மண்டபம் மாதிரி பளிச்சென்று இருந்தது. முட்டைகள் ஆறத் தொடங்கின. மரகதம் சிறகை விரித்து உட்கார்ந்து பார்த்தது. பன்னிரண்டுக்கு மேல் அடங்கவில்லை. எழுந்துபோய்ப் பழைய பல்புப் பெட்டியை எடுத்தது.

"ஏ கோழி, என்ன பண்றே?" என்றது நரி.

"பல்பு மாட்டப்போறேன்."

"மாட்டினா மிச்சம் போயிடுமே! எங்க லைசென்சு?"

"முட்டை சூடா இருந்தா நான் ஏன் மாட்டுறேன்?"

நரி ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்தது. ஓட்டை எதுவும் வைக்காமல் எழுதியிருந்தது. பிறகு பதினான்கு முட்டைகள்மேல் மெதுவாக உட்கார்ந்தது. அடுத்த பதினான்கில் குரங்கு.

"எனக்குக் கால் மடங்காது. நான் ஆலோசனை மட்டும்தான்," என்றது கொக்கு.

"மடக்குய்யா," என்றது நரி.

மறுநாள் தன் முட்டைகளைப் பார்க்க வந்த வாத்து வாசலிலேயே நின்றுவிட்டது. "அடிப்பாவி, நரிகிட்டயா விட்டிருக்கே?"

"நரி இல்லக்கா. உபகரணம்."

மீட்டரைப் பார்த்த புலி அலுவலகம், காட்டிலேயே சிறந்த நிலையம் என்று சான்றிதழ் கொடுத்தது. மரகதம் அதை ஆணியில் மாட்டிவிட்டு, "கொஞ்சம் எழுந்திரு," என்று நரியிடம் சொன்னது. அடியிலிருந்த முட்டைகளை, எப்போதும்போல, ஒவ்வொன்றாகத் திருப்பிவைத்தது.

நீதி: முட்டைகளைத் தாராளமாக நரியிடம் ஒப்படைக்கலாம், ஒப்பந்தத்தை மட்டும் அதன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.