எருது கொடுத்த வம்சம்

கிளாரன்ஸ் ஃபோர்டு, ஒஹாயோ
ஏப்ரல் 22, 1986

அன்பு மகள் லோர்னாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். போர்ட்லாண்டில் நீயும் உன் பூனைகள் இரண்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி உருகிச் சாலையெல்லாம் சேறு. என் இடது முழங்கால் போன வருஷம் இருந்தபடியே இருக்கிறது. மரியாதைக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான், இனி விஷயம். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நம் வீட்டுப் போன் சமையலறையில் இருக்கிறது, சமையலறையில் உன் அம்மா இருக்கிறாள். அதனால் கொட்டகையில் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அது மூட்டையின் தவறு.

உன் அம்மா மூன்று வருஷமாக விடுதலைப் போர் மகளிர் சங்கத்தின் நம் ஊர்க் கிளைக்குப் போய்வருவது உனக்குத் தெரியும். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் போரில் இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து நின்ற யாராவது ஒருவருடைய ரத்தம் ஒரு பெண்ணின் உடம்பில் ஓடினால்தான் அவள் உறுப்பினராகலாம். அந்த முன்னோருக்கு மரியாதையாக அவர்கள் ஊருக்கு ஊழியம் செய்கிறார்கள். பழைய கல்லறைக் கற்களைக் கழுவுவது, முன்னாள் வீரர்கள் மருத்துவமனையில் கண் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவது, நீதிமன்றத்தில் புதிதாகக் குடியுரிமை வாங்குகிறவர்களுக்கு மேசை போட்டு விருந்து வைப்பது, இப்படி. இதில் முக்கால்வாசி வேலையைச் செய்வது உன் அம்மாதான். அவளிடம் சோப்பு இருக்கிறது, வாளி இருக்கிறது, ஆப்பிள் பை என்கிற பழ அப்பம் செய்கிற கை இருக்கிறது. இல்லாதது ரத்தம் மட்டும்.

இருக்கிறது என்றுதான் அவள் நம்பியிருந்தாள். அவளுடைய அத்தை ஒருத்தி, நம் வம்சத்தில் ஒரு போர்வீரர் உண்டு என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறாள். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு மிஸ் ட்வைலா ஆர்ன்ட், அதாவது கிளையின் பதிவாளர், உனக்கு நான்காம் வகுப்பில் கணக்கு எடுத்தவர், ஒன்றரை வருஷம் நூலகத்தில் உட்கார்ந்து தேடினார். போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள் நம் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

“பெர்னடீன், உங்க ஆளு கெடைச்சிட்டார். போர்வீரர்தான், சந்தேகமே இல்ல. ஆனா அவர் பொறந்தது ஆயிரத்தெண்ணூத்தி முப்பத்தொண்ணுல.”

“அதனால என்ன?”

“போர் முடிஞ்சு நாப்பத்தெட்டு வருஷம் கழிச்சுப் பொறந்திருக்கார். அதுவும் அவர் சண்டை போட்டது வேற நாட்டு ராஜாவுக்காக.”

உன் அம்மா காபிக் குடுவையை எடுத்தாள். அப்புறம், “இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமா?” என்றாள். அதோடு விட்டிருந்தால் நல்லது. மிஸ் ஆர்ன்ட்டுக்கு வெறுங்கையோடு போக மனசில்லை. போகிற போக்கில் எங்கள் வம்சத்தையும் ஒரு பார்வை பார்ப்பதாகச் சொல்லி, பிறப்பு இறப்பெல்லாம் எழுதிவைத்த எங்கள் தாத்தாவின் பைபிளை வாங்கிக்கொண்டு போனார். மூன்று வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். எபனேசர் ஹாஸ்கின்ஸ், என் கொள்ளுத் தாத்தாவுக்குத் தாத்தா, படைக்கு ஓர் எருது கொடுத்திருக்கிறார். சீட்டு இருக்கிறது. மனசாரக் கொடுத்தாரா, துப்பாக்கியைப் பார்த்துக் கொடுத்தாரா என்று சீட்டில் இல்லை. எருது போதுமாம், சங்கம் ஏற்றுக்கொள்ளும். ஆக, தகுதி எனக்கு. ஆனால் நான் ஆண்பிள்ளை. உனக்கும் தகுதி உண்டு, உனக்கு அக்கறையில்லை. மூன்று வருஷம் முழங்காலில் நின்று கல் கழுவியவளுக்கு ஒன்றும் கிடையாது. இதை நான் அன்றைக்கு ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெறும் சூப்தான் கிடைத்தது.

இனி நடந்ததைக் கேள். எபனேசரின் கல்லறை நம் ஊர் மேட்டுக் கல்லறைத் தோட்டத்திலேயே இருப்பது தெரிந்ததும், தலைவி யூடோரா பெல்நாப் அம்மாள் அதற்கு ஒரு வெண்கலத் தகடு வைத்து விழா எடுப்பது என்று முடிவு செய்தார். கல்லைக் கழுவியது யார்? உன் அம்மா. புருஷன் வம்சத்துக் கல்லை அவள் பல் துலக்குவதுபோல் துலக்கியதை நீ பார்த்திருக்க வேண்டும். போன சனிக்கிழமை விழா. மாநிலத் தலைமையிலிருந்து ஓர் அம்மாள் வெள்ளைக் கையுறையோடு வந்திருந்தார். நீல நாடாவைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு பதினோரு பெண்கள் நின்றார்கள். மலர்வளையம் வைத்தாயிற்று, என்னைப் பேசச் சொன்னார்கள், நான் “நன்றி” என்று சொல்லி உட்கார்ந்தேன். மூன்று முன்னாள் வீரர்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். அங்கேதான் வினை. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துப் பண்ணை ஹார்மனின் பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வெடிச் சத்தத்தில் பதினாறு பசுக்களும் வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டன. கையுறை அம்மாள் ஒரு நீதிபதியின் கல்லறை மேல் ஏறி நின்றுகொண்டார். ஒரு பசு நேராக எபனேசரிடம் போய் மலர்வளையத்தைத் தின்ன ஆரம்பித்தது.

“வெண்டெல், எருதைக் கேட்டு சொந்தக்காரங்க வந்திருக்காங்க போல,” என்றார் மிஸ் ஆர்ன்ட் என்னைப் பார்த்து.

எல்லோரும் கத்துகிறார்கள், கத்தக் கத்த மாடுகள் மிரளுகின்றன. உன் அம்மா மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள். ஒரு வாளியை எடுத்து அடியில் தட்டினாள், ஒரு மாதிரி நாக்கைச் சொடுக்கினாள், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பதினாறும் வரிசையாக அவள் பின்னால் போயின. வேலியை அவளும் நானும் தூக்கி நிறுத்தினோம். கையுறை அம்மாள் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “பிரமாதம்! நீங்க யார் வழியில சேர்ந்தீங்க?” என்று கேட்டார்.

“நான் யார் வழியிலயும் சேரலைங்க. ஆப்பிள் பை செஞ்சு கொண்டுவர்றவ,” என்றாள் அம்மா.

பிறகு பத்திரிகைக்குப் படம் எடுக்கும் நேரம். யூடோரா அம்மாள் வழக்கம்போல் அவளையும் வரிசையில் இழுத்து நிறுத்தியிருந்தார். கையுறை அம்மாள் மிக மரியாதையாகத்தான் சொன்னார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். “மன்னிக்கணும், சங்கத்துப் படத்துல உறுப்பினர்கள் மட்டும்தான் நிக்கணும். விதி.” உன் அம்மா உடனே விலகிவிட்டாள். படத்தில் கைப்பை தெரியக்கூடாதென்று ஒருத்தி தன் பையை அவளிடம் கொடுத்தாள், அதைப் பார்த்து அடுத்தவள், அதைப் பார்த்து எல்லோரும். பதினோரு கைப்பை, கையுறை அம்மாளுடையதோடு பன்னிரண்டு. காலெல்லாம் சாணியோடு, இரண்டு கையிலும் பைகளை மாட்டிக்கொண்டு, புகைப்படக்காரருக்குப் பின்னால் அவள் சிரித்தபடி நின்றாள், லோர்னா. நான் அவளுக்குக் கணவனாகி முப்பத்து நான்கு வருஷம். அந்தச் சிரிப்பை அதுவரை பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் வேண்டாம்.

வண்டியில் திரும்பும்போது அவள் காலில் ஒட்டிய சாணியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தீவனக் கடையைத் தாண்டியபின், “ரொட்டி மாவுக்கு ஈஸ்ட் தீந்துபோச்சு, வாங்கணும்,” என்றாள். இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் வழக்கம்போல் மருத்துவமனைக்குக் கிளம்பினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னுமா போறே? அவங்க உன்னை...”

“மிஸ்டர் லோவெல்லுக்குக் கதை பாதியில நிக்குது வெண்டெல். கொலை பண்ணினது யாருன்னு தெரியாம அவர் ஒரு வாரமா படுத்திருக்கார்.”

அவள் அந்தப் பக்கம் போனதும் யூடோரா அம்மாள் இந்தப் பக்கம் வந்தார். குளிர்காலத்தில் உறுப்பினர் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். பன்னிரண்டுக்குக் குறைந்தால் கிளையைக் கலைத்துவிடுவார்களாம், ஜூன் வரைக்கும்தான் கெடு. “உங்க பொண்ணு ஒரு கையெழுத்து போட்டா போதும். கூட்டத்துக்கு வரவேண்டாம், ஒண்ணும் செய்யவேண்டாம். பெர்னடீனுக்குத் தெரியவேண்டாம், சங்கடப்படுவா,” என்றார். அவர் முகமே சரியில்லை. எனக்கும் கேட்கக் கசப்பாகத்தான் இருந்தது. எல்லாம் செய்தவள் வெளியே, ஒன்றும் செய்யாதவள் உள்ளே. ஆனால் கிளை போய்விட்டால் உன் அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை இல்லை, கல் இல்லை, பை சாப்பிட ஆள் இல்லை. மிச்சம் நான் ஒருவன்தான், நான் எவ்வளவு சாப்பிட முடியும்? ஆகையால் கண்ணு, இதோடு படிவம் வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. அம்மாவிடம் மூச்சு விடாதே. இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை, அந்தத் துணி துவைக்கும் இயந்திரத்தைத் தூக்கிக் கொடுக்கச் சொன்னதைத் தவிர.

மழையில் தலையை மூடிக்கொண்டு போ. பூனைகளை விசாரித்ததாகச் சொல். கடவுள் உன்னை நல்லபடி வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
வெண்டெல் ஹாஸ்கின்ஸ்

பின்குறிப்பு (வியாழன்): கையெழுத்துப் போடாதே. தபால்தலை தேடி அலமாரியைத் திறந்த இடத்தில் உன் அம்மா இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டாள். முழுக்கப் படித்துவிட்டு, இரண்டு எழுத்துப் பிழை இருப்பதாக மட்டும் சொன்னாள். நான் ஏதோ சொல்ல வாய் திறப்பதற்குள் வாசலில் கார் சத்தம். யூடோரா அம்மாளும் மற்றப் பத்துப் பேரும். தூக்கமே வரவில்லையாம் அவருக்கு. “கிளையைக் கலைச்சிடறோம்னு தலைமைக்குப் போன்ல சொல்லிட்டேன் பெர்னடீன். பன்னிரண்டாவது ஆளைத் தேடினீங்களான்னு கேட்டாங்க. தேடவே வேணாம், எங்க வரிசையிலதான் நின்னா, நீங்கதான் விலகச் சொன்னீங்கன்னேன்,” என்றார். ஜூனோடு கிளையைக் கலைத்துவிட்டு, வேலைகளையெல்லாம் புதுப் பெயரில் ஒரு சங்கமாக நடத்தப்போகிறார்களாம். அதில் பாட்டன் பெயர் கேட்க மாட்டார்கள், வாளி தூக்க முடியுமா என்றுதான் கேட்பார்கள். உன் அம்மா தலைவி. முதலில் முடியாது என்றாள், பிறகு அழுதாள், பிறகு அடுப்பில் ஆப்பிள் பை கருகுகிறது என்று ஓடினாள். புதுச் சங்கத்தில் ஆண்களும் சேரலாமாம். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் பதின்மூன்றாவது பெயராக எழுதிவிட்டார்கள். இந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாற்பது கல் கழுவ வேண்டும். நீ எனக்கு ஏதாவது செய்ய நினைத்தால், ஆறே முக்காலுக்குப் போன் பண்ணி, அப்பாவிடம் அவசரமாகப் பேச வேண்டும் என்று சொல். நிறையப் பேசு.