முழங்காலுக்கு ஒரு சுத்தி

டாக்டர் பேசுவது புரியாதவன் டாக்டரின் கையைத்தான் பார்ப்பான். நான் அப்படிப் பார்த்தவன். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்குக் காதைவிடக் கண்மேல் நம்பிக்கை அதிகம். அதனால் வந்த வினை இது.

யுத்த காலம். செந்துறைப் பக்கம் எங்கள் ஊர். என் மூத்த மகள் அஞ்சலைக்கு ஒரு வயது ஆகப்போகிறது. உட்காரவில்லை. தலையும் நிற்கவில்லை. கை கால் கொழுகொழுவென்று இருக்கும், தூக்கினால் ஈரத்துணி. அக்குளில் கை கொடுத்து எடுத்தால் தோள் மேலே வரும், பிள்ளை கீழே போகும். சிரிப்பு மட்டும் நன்றாகச் சிரிப்பாள்.

என் மனைவி செல்லம்மாளுக்கு "இவ நடப்பாளா" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அவள் அண்ணன், ஆண்டிமடத்து மச்சான், ஒரு வழி சொன்னார். கொல்லையில் குழி வெட்டி, பிள்ளையை இடுப்புவரை இறக்கி, மணலை அணைத்துவிட வேண்டும். கால் தானாக ஊன்றிக்கொள்ளும்.

"முந்திரிக்கன்னு நடற மாதிரியா மச்சான்?" என்றேன்.

"நக்கலா மாப்ள? எங்க ஊருல எத்தனை புள்ளைங்க இப்படி நின்னுருக்கு தெரியுமா?"

"தலையே நிக்கல. காலை நட்டு என்ன பண்றது?"

"அப்ப நீயே ஒரு வழி பண்ணு. பண்ணலன்னா நானே மம்புட்டியோட வருவேன்."

அவர் சொன்னால் வருவார். அதனால் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். செல்லம்மாளுக்குக் காய்ச்சல், கூட வர முடியவில்லை. "வேற ஒண்ணும் கேக்க வேணாம். நடப்பாளான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் அப்போது பஸ் கரியில் ஓடும். மேடு வந்தால் நாங்கள் தள்ளுவோம். நான் தள்ளப் போனபோது பிள்ளையை வாங்கி வைத்திருந்த ஒருத்தி, "என்னப்பா, எலும்பு வைக்க மறந்துட்டானா சாமி?" என்றாள். நான் குனிந்து பஸ்ஸைத் தள்ளினேன்.

டாக்டர் நல்ல மனுஷர். பிள்ளையை மேசையில் படுக்க வைத்து, இரண்டு கையையும் பிடித்து மெல்ல இழுத்து எழுப்பினார். உடம்பு வந்தது, தலை பின்னால் தொங்கியது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். நழுவினாள். வயிற்றுக்கடியில் கையை வைத்துக் குப்புறத் தூக்கினார். இரண்டு பக்கமும் துண்டு மாதிரி தொங்கினாள். கடைசியில் ஒரு சின்ன ரப்பர் சுத்தியால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் லேசாக அசைந்தது.

இதையெல்லாம் நான் கண் கொட்டாமல் பார்த்தேன். பிறகு அவர் நிறையப் பேசினார். எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றேன். ஒரே ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டது. ஹைப்போடோனியா. அதை மறக்கக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டதில், நடப்பாளா என்று கேட்கவே மறந்துவிட்டேன்.

"என்ன சொன்னாங்க? நடப்பாளாமா?" என்றாள் செல்லம்மாள்.

"ஹைப்போடோனியா."

"அப்படின்னா?"

"பெரிய வியாதி. ஆனா வைத்தியம் சொல்லியிருக்கார்."

(அவர் சொல்லவில்லை. செய்தார். இரண்டும் ஒன்று என்று நினைத்தேன்.)

மறுநாளே வைத்தியம் ஆரம்பம். மூன்று வேளை. இழுத்து எழுப்புவது, அக்குளில் தூக்குவது, குப்புறத் தொங்கவிடுவது. சுத்திதான் இல்லை. வண்டிச் சக்கரத்துக்கு நாள் கடத்துகிற ஆசாரி, குழந்தை வைத்தியத்துக்கு என்றதும் உடனே ஒரு புளியங்கட்டைச் சுத்தி செய்துகொடுத்தார். யுத்தத்தில் ரப்பர் கிடைக்கவில்லை. பஸ் கண்டக்டரைக் கெஞ்சிப் பழைய டயரில் ஒரு துண்டு வாங்கி முனையில் அடித்தேன். அச்சு அசல் டாக்டர் சுத்தி. என்ன, தேங்காயும் உடைக்கலாம்.

அஞ்சலைக்கு இது விளையாட்டு. இழுத்தால் சிரிப்பாள், தொங்கவிட்டால் சிரிப்பாள். ஊரில் எனக்கு மதிப்பு ஏறியது. ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். நானும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முறை "ஹைப்போடோனியா" என்பேன்.

அங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும்.

என் பங்காளி மனைவி காமாட்சி அண்ணி தன் பையனைத் தூக்கி வந்தாள். அஞ்சலையைவிடச் சின்னவன், நல்ல முரடன். "இவனுக்கும் பாருங்க தம்பி. இன்னும் அடி எடுத்து வைக்கல" என்றாள். அவனை அவள் மடியில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்து, நான் கீழே குந்தி, முழங்காலுக்குக் கீழே தட்டினேன்.

உதைத்தான். என் உதடு கிழிந்தது.

என் பிள்ளை தட்டினால் சும்மா இருக்கிறாள். இவன் உதைக்கிறான். அப்படியென்றால் யாருக்குக் கோளாறு? ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "அண்ணி, மனசத் தேத்திக்கங்க. உங்க புள்ளைக்கு அஞ்சலையைவிட முத்திப் போச்சு."

அண்ணி அழுத அழுகை தெருக்கோடிவரை கேட்டது.

டாக்டர் மறுபடி வரச் சீட்டில் எழுதிக்கொடுத்திருந்த நாளில் கூட்டமாகப் போனோம். நான், செல்லம்மாள், அஞ்சலை, அழுதுகொண்டே அண்ணி, பஸ் முழுக்க எல்லாரையும் உதைத்துக்கொண்டு அவள் பையன்.

நான் பையிலிருந்து சுத்தியை எடுத்து மேசைமேல் வைத்தேன். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது?"

"நம்ம சுத்திங்க. ரப்பர் கிடைக்கல, டயர் போட்டிருக்கு."

"எதுக்கு?"

"வைத்தியத்துக்குங்க." எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தும் காட்டினேன். கம்பவுண்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"இதெல்லாம் யார் செய்யச் சொன்னது?"

"நீங்கதாங்க."

"நான் சொன்னேனா?"

"செஞ்சீங்களே."

டாக்டர் சுத்தியை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். பிறகு கேட்டார்: "சந்தையில மாட்டு வாயைத் தொறந்து பல்லைப் பாக்குறீங்களே, அது மாட்டுக்கு வைத்தியமா?"

"இல்லீங்க. வயசு பாக்குறது."

"நானும் அதத்தான் பண்ணேன்."

மூன்று வேளையும் என் பிள்ளையைச் சந்தையில் நிறுத்தியிருக்கிறேன் என்று அப்போது விளங்கியது.

செல்லம்மாள்தான் கேட்டாள்: "ஹைப்போடோனியான்னா என்னங்க சார்? பெரிய வியாதின்னாரே."

"அது வியாதியோட பேரே இல்லம்மா. காய்ச்சல்னு சொல்றோம்ல, அந்த மாதிரி ஒரு அடையாளம். எதனாலன்னு பாக்கணும். சும்மா இருக்கும்போதும் நம்ம சதையில கொஞ்சம் முறுக்கு இருக்கும். இவளுக்கு அது கம்மி. பலம் வேற, முறுக்கு வேற. கயித்துக் கட்டில் தொய்ஞ்சிருக்குன்னா கட்டில் உடைஞ்சு போச்சுன்னு அர்த்தமில்ல." என் பக்கம் திரும்பினார். "அதுக்காக இவளை இழுத்துக் கட்டிடாதீங்க. கையைப் புடிச்சு இழுத்தா மூட்டு கழண்டுக்கும்."

"நடப்பாளா சார்?" என்றாள் செல்லம்மாள். நான் கேட்காமல் வந்த கேள்வி.

டாக்டர் அஞ்சலையின் கையைப் பிடித்து மெல்ல எழுப்பினார். தலை கொஞ்சம் தயங்கியது. பிறகு உடம்போடு சேர்ந்து வந்தது.

"போன தடவை தொங்குச்சு. இப்ப கூடவே வருது. நடப்பா. மத்த புள்ளைங்களவிட லேட்டா நடப்பா."

செல்லம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்ப நம்ம வைத்தியம்..." என்று ஆரம்பித்தேன்.

"இது அவளா செஞ்சது. உங்களையும் மீறி."

தினம் கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள், எதிரே ஏதாவது ஆட்டிக் காட்டுங்கள், தானாகத் தலை தூக்கட்டும் என்றார். இந்த முறை செல்லம்மாள் கேட்டுக்கொண்டாள். என்னை யாரும் கேட்கச் சொல்லவில்லை.

அண்ணி பையனை நீட்டினாள். டாக்டர் தட்டினார். உதைத்தான். "உதைக்கத்தாம்மா வேணும். உதைக்கலன்னாத்தான் கவலைப்படணும்."

அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திரும்பும் வழியில் மேட்டில் நான் பஸ்ஸைத் தள்ள இறங்கினபோது, "நல்லாத் தள்ளுங்க தம்பி, டாக்டராச்சே" என்றாள்.

அஞ்சலை மூன்று வயதை ஒட்டி நடந்தாள். இப்போது பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டு, பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். சுத்தி என் வீட்டில்தான் இருக்கிறது. மச்சான் வீட்டு முந்திரிக்கொட்டை உடைக்க அதைவிட நல்ல சாமான் இல்லை.

காமாட்சி அண்ணியின் பையன் தலை நரைத்த ஆள். அஞ்சலை வந்திருந்தால் பார்க்க வருவான். பெஞ்சில் உட்காருமுன், "சித்தப்பா, சுத்தி உள்ளதான இருக்கு?" என்பான்.

நான் வாய் திறக்குமுன் அஞ்சலை சொல்வாள்: "அப்பா கைக்கிட்டதான்டா இருக்கு. காலைத் தொங்கப்போடாம மடிச்சு உக்காரு."