தொட்டி சிறியது

"வரைபடம் திரும்பி வந்துடுச்சா?"

மாமனார் கேட்டதும், மருமகள் வரைபடத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அவருடைய மனையில் ஆறு வீடுகள் கட்டுவதாகத் திட்டம். வீட்டிலேயே பொறியாளர் இருக்க, வெளியாள் எதற்கு என்று மருமகளிடமே பொறுப்பை விட்டிருந்தார். மழைநீர் தெருவில் பாயாமல் தேக்க நிலத்தடித் தொட்டி காட்டினால்தான் நகராட்சி அனுமதி தரும். கூரையும் தளமுமாக நானூறு சதுர மீட்டர். எழுபத்தைந்து மில்லிமீட்டர் மழை. ஆக முப்பதாயிரம் லிட்டர். கணக்கு கச்சிதம். ஆனாலும் அதிகாரி, தொட்டியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, 'சிறியது' என்று எழுதியிருந்தார்.

நாற்பதாயிரமாக்கினாள். தொட்டி கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் நீண்டது. மூடி காரைத் தாங்காது. கார்கள் தோட்டத்துக்கு நகர்ந்தன.

"என் செடியெல்லாம்?"

"மாடியில தொட்டியில வச்சுக்கலாம் மாமா."

"தொட்டிங்கற பேச்சையே எடுக்காதே!"

தோட்டத்துக்குக் கான்கிரீட் போட்டால், இதுவரை மண் குடித்த தண்ணீரும் தொட்டிக்குத்தானே வரும்? எதற்கும் இருக்கட்டும் என்று அறுபதாயிரம் போட்டாள். தொட்டி வீட்டுக்கு அடியிலும் நீண்டதில் ஒரு வீடு காலி. வரைபடம் திரும்பி வந்தது: 'சிறியது'.

தொண்ணூறாயிரம். இன்னும் இரண்டு வீடுகள் போயின. அதில் ஒன்று மாமனார் குடியிருக்க ஆசைப்பட்ட கீழ்வீடு.

"நான் எங்கேம்மா படுக்கறது?"

"கவலைப்படாதீங்கப்பா, படகு வாங்கித் தரேன்" என்றான் மகன். அவள் முறைத்த முறைப்பில் அறையை விட்டே நழுவினான்.

அதுவும் திரும்பியது. இந்த முறை, 'மிகச் சிறியது'. அடியில் இரண்டு கோடுகள் வேறு.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. படித்த படிப்பு, பத்து வருட அனுபவம் எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்கு முன்னால் பல்லிளித்தன. மாமனார் சட்டையை மாட்டினார். "வா, நேர்லயே கேட்டுடுவோம். என் மருமக கணக்கு தப்பாகாது."

அதிகாரி கூட்டத்துக்குப் போயிருந்தார். வாசலில் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த அலுவலக உதவியாளர் மூன்று வரைபடங்களையும் வாங்கி, ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்:

"அட, தொட்டிய எதுக்கும்மா பெருசாக்கினீங்க? அதுக்குள்ள எழுதியிருக்கிற எழுத்து சின்னதா இருக்கு, படிக்க முடியலைன்னுல்ல ஐயா திருப்பி அனுப்பிட்டிருக்காரு!"